சனிக்கிழமை மாலைச் சட்டம்

என் மனைவிக்கு எதிராக ஒரு சட்டம் இயற்றுவது என்று முடிவு செய்தேன்.

பதறாதீர்கள். மனைவிக்கு எதிராக என்றால் மனைவியின் மடிக்கணினிக்கு எதிராக. அவள் வாரத்தில் ஒரு மாலையாவது என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. இவ்வளவு நல்ல எண்ணத்தோடு உலகத்தில் எந்தச் சட்டமன்றமும் கூடியிருக்காது. இவ்வளவு மோசமாக எதுவும் தோற்றிருக்கவும் முடியாது.

எனக்கும் சுதாவுக்கும் கல்யாணமான புதிதில் சொந்த வீடு இல்லை. அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, அந்த புளோக் எழும்பும்வரை உட்லண்ட்ஸில் என் பெற்றோரோடு இருந்தோம். எங்கள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர். அது அப்பாவின் டிவி செய்தியை எங்களுக்கும், எங்கள் கிசுகிசுப்பை அப்பாவுக்கும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அதனால் பேச வேண்டியதையெல்லாம் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடுவோம்.

வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. பஃபலோ ரோட்டில் முருங்கைக்காய்களுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே ஊர்ந்து நடப்போம். கேம்பல் லேனில் ஒரு முழம் மல்லிகை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, "சரியா இருக்கா?" என்பாள். கோணலாக இருந்தாலும் சரியாக இருக்கிறது என்பேன். அப்புறம் ஒரு கடையில் நுரை பொங்க இழுத்து ஆற்றிய பால் தேநீர், தே தாரிக். அதன் ஆவி அடங்கி, ஆடை படிந்து, கடைக்காரர் மேசையைத் துடைக்க வந்து நின்ற பிறகும் எங்கள் பேச்சு முடிந்திருக்காது. திரும்பும்போது எம்ஆர்டி ரயில் கிடையாது. ஊரையெல்லாம் சுற்றிக் காட்டும் மாடி பஸ். மேல்தளத்தில் முன்வரிசை. தூக்கம் வராமலேயே என் தோளில் தூங்குவாள்.

பிறகு சுவா சூ காங்கில் வீடு கிடைத்தது. கதவு வைத்த அறைகள். எவ்வளவு சத்தமாகவும் பேசலாம். பேசத்தான் ஆள் இல்லை.

சுதா உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. அவளும் வேறு சில ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டைத் தமிழில் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத்தின் மூன்று கிளைகள் எப்படி வேலை செய்கின்றன என்று பிள்ளைகள் விளையாடியே தெரிந்துகொள்ளலாமாம். "சின்ன வேலைதாங்க, சனிக்கிழமை மட்டும்," என்று ஆரம்பித்தாள். சனிக்கிழமை மட்டும்தான். மற்ற எந்தக் கிழமையைத் தின்றிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அவள் பக்கத்தில் உட்கார வேறு வழி தெரியாமல் ஒருநாள், "எனக்கும் அந்த கேமைக் கத்துக்கொடேன்," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம். காதல் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு இதுல எதாச்சும் தெரியுமா?"

"ஒண்ணுமே தெரியாது."

"சட்டமன்றம்னா என்ன?"

"பெரிய கட்டடம்."

"நிர்வாகம்?"

"எங்க ஆபீஸ்ல ஏர்கோனைக் கூட்டி வச்சுட்டு எல்லாரையும் நடுங்க விடுறவங்க."

"நீதித்துறை?"

"கறுப்பு அங்கி போட்டிருப்பாங்க."

"பிரமாதம்," என்றாள். "உக்காருங்க."

விளையாட்டில் முத்துத்தீவு என்று ஒரு கற்பனை நாடு. மூன்று நாற்காலிகள். சட்டமன்ற நாற்காலியில் உட்கார்ந்தால் சட்டம் போடலாம். நிர்வாக நாற்காலியில் உட்கார்ந்தால் அதை நடத்திக் காட்ட வேண்டும். நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் முறையாக நடந்தார்களா என்று பார்க்க வேண்டும். நான் நேராக நிர்வாக நாற்காலிக்குப் போனேன். திரையில் பேருந்து நிறுத்தத்தில் மக்கள் வரிசையாக நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இளகிய மனசு. பக்கத்திலிருந்த மீன் சந்தையை இடித்துப் பேருந்து நிலையம் கட்டிவிட்டேன்.

"யாரக் கேட்டு இடிச்சீங்க?"

"யாரக் கேக்கணும்? நான்தானே நிர்வாகம்?"

"அதுக்குச் சட்டம் இருக்கா?"

"ஜனங்களுக்கு பஸ் வேணாமா?"

"மீன் வேணாமா?"

மீன்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கணினிக்குள் இருந்த நீதிபதி என் உத்தரவு செல்லாது என்றார். நான் திரை முழுக்கத் தேடினேன்.

"என்ன தேடுறீங்க?"

"இந்த ஆளத் தூக்குற பட்டன் எங்க?"

"அப்படி ஒரு பட்டன் கிடையாது."

"அப்புறம் எதுக்கு என்னை நிர்வாகம்னு சொல்ற?"

"அதாங்க பாடமே!"

விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் தோள் என் தோளில் பட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. நான் இன்னொரு சந்தையை இடிக்கத் தயாராக இருந்தேன். ஆனால் அவள் அதற்குள் விளையாட்டை நிறுத்திவிட்டு எதையோ மும்முரமாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஓர் உண்மை விளங்கியது. எங்கள் வீட்டில் மூன்று நாற்காலியும் ஒருவரிடமே இருக்கிறது. ஈரத்துண்டை சோபாவில் போடக்கூடாது என்று சட்டம் போட்டது சுதா. போட்டேனா என்று ரோந்து வருவது சுதா. போட்டதற்கு விசாரித்துத் தண்டனை தருவதும் சுதா. மேல்முறையீடு வேண்டுமானால் உட்லண்ட்ஸில் இருக்கும் என் அம்மாவிடம் போகலாம். தீர்ப்புச் சொல்லும் நேரத்தில், என்னைப் பெற்றதையே என் அம்மா மறந்துவிடுவார்.

"சுதா, இந்த வீட்டுல அதிகாரத்தைப் பிரிக்கணும்," என்றேன்.

"பிரிச்சுடலாமே," என்றாள்.

சண்டைக்கென்று தயாரித்து வைத்திருந்த வாதங்களெல்லாம் வீணாயின.

"நான் சட்டமன்றம்."

"சரிங்க. அப்ப நான் நிர்வாகம். நீதிபதி?"

"பாரபட்சம் இல்லாத ஆளா இருக்கணும்."

"சாயிரா பானு அக்கா?"

பக்கத்து வீட்டு சாயிரா பானு அக்கா எங்கள் மாடியில் எல்லாச் சண்டைகளையும் காரிடோரிலேயே தீர்த்துவைப்பவர். மணிபிளாண்ட் தொட்டி யார் பக்கம் நீண்டது, யார் துணியிலிருந்து யார் துணியில் தண்ணீர் சொட்டியது, எல்லாம் அவர் பார்த்த வழக்குகள். சம்மதித்தேன்.

சட்டம் எழுத உட்கார்ந்தேன். விளையாட்டில் ஒரு மாதிரிச் சட்டம் இருந்தது. மீன் சந்தைச் சட்டம். அதை எடுத்து, மீன் சந்தை என்று வந்த இடத்திலெல்லாம் சனிக்கிழமை மாலை என்று மாற்றினேன். கணவனும் மனைவியும் சனிக்கிழமைதோறும் லிட்டில் இந்தியா செல்ல வேண்டும். மடிக்கணினி உடன் வரக்கூடாது. மல்லிகை கட்டாயம். திரும்புவது மாடி பஸ்ஸில், முன்வரிசையில். ஏகமனதாக நிறைவேறியது. எதிர்க்கட்சி இல்லாத மன்றத்துக்கு அந்த ஒரு வசதி உண்டு.

சுதா நிதானமாகப் படித்தாள். மல்லிகை வந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம், "இந்த நாலாவது பிரிவு புரியலயே," என்றாள். "'சனிக்கிழமை மாலையில் சேரும் கழிவுகளை மூடிய வாளியில் எடுத்துச் சென்று அகற்ற வேண்டும்.'"

மீன் சந்தையின் மிச்சம். மாற்ற மறந்திருக்கிறேன். சட்டமன்றம் தன் தவறை ஒப்புக்கொள்ளலாமா?

"பொதுச் சுகாதாரம்," என்றேன்.

"நல்ல அம்சம்," என்று கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை வந்தது. நான் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வாசலில் நின்றேன். சுதா வீட்டு உடையில் மடிக்கணினி முன்னால் இருந்தாள்.

"கெளம்பலயா?"

"எங்கங்க?"

"சட்டம் போட்டோம்ல? நீ கையெழுத்துப் போட்டல்ல?"

"போட்டேன். ஆனா இன்னும் அமலுக்கு வரலயே."

"வரலன்னா?"

"கடைசிப் பிரிவப் படிங்க. 'நிர்வாகம் அறிவிக்கும் நாளில் இச்சட்டம் நடைமுறைக்கு வரும். வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாட்களை அறிவிக்கலாம்.' நான் இன்னும் அறிவிக்கல."

"அது மீன் சந்தைக்கு எழுதினது!"

"நீங்க நிறைவேத்தினது."

"சரி, இப்ப அறிவி!"

கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். "நாலாவது பிரிவு மட்டும் இன்னிக்கே அமலுக்கு வருது."

இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பக்கமிருந்த குப்பைத் துவாரத்துக்குப் போனேன்.

அடுத்த சனிக்கிழமையும் நாலாவது பிரிவு. அதற்கடுத்ததும் அதே. எனக்குக் குப்பை கொட்டுவது பெரிதில்லை. வாளியை மூடிக்கொண்டு அங்கே நிற்கும்போது, கீழே சாலையில் ஒரு மாடி பஸ் போகும். மேல்தளத்தில் முன்வரிசை காலியாக இருக்கும். அதைத்தான் பார்த்துத் தாங்க முடியவில்லை.

நீதிமன்றம் போனேன். சாயிரா பானு அக்கா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசாரித்தார். அவருடைய கணவர் இப்ராஹீம் பாய் கதவோரம் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே," என்றேன்.

"அக்கான்னே சொல்லுங்க தம்பி. என்ன பிரச்சினை?"

"சட்டத்த அமல்படுத்த மாட்டேங்குறா."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"அவ அறிவிக்கிற நாள்லன்னு."

"எழுதினது யாரு?"

"...நான்தான்."

"அப்புறம் என்ன லா? நீங்களா தூக்கிக் குடுத்த அதிகாரத்த நான் எப்படிப் புடுங்கி உங்க கையில குடுக்கிறது? கோர்ட்டுக்கு அந்த வேலை இல்ல. வேணும்னா நீங்க சட்டத்தத் திருத்துங்க. தள்ளுபடி."

"அக்கா, கொஞ்சம் மனிதாபிமானத்தோட..."

"அடுத்த கேஸ்," என்று கறிவேப்பிலைத் தொட்டிக்கு நகர்ந்துவிட்டார்.

இப்ராஹீம் பாய் பேப்பரைத் தாழ்த்தி, "மனச விட்றாதீங்க. நானும் இந்தக் கோர்ட்டுல ஒரு கேஸ்கூட ஜெயிச்சதில்ல," என்றார்.

திருத்தம் கொண்டுவர வீட்டுக்கு ஓடினேன். சுதா கதவைத் திறந்தாள். அவள் முகத்தில் மறுபடியும் அந்த வெளிச்சம்.

"திருத்தம்லாம் வேணாங்க. வர்ற சனிக்கிழமை முழுச் சட்டமும் அமலுக்கு வருது. அறிவிச்சாச்சு."

"எங்க அறிவிச்ச?"

"ஃப்ரிட்ஜ் கதவுல."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கோழி வடிவக் காந்தத்தின் கீழே, அவள் கையெழுத்தில், அரசிதழ்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. வேலைக்குப் போயிருப்பேன், சம்பளம் வந்தது. சனிக்கிழமை அவள் பச்சைப் புடவை கட்டினாள். எல்ஆர்டி சிறு ரயில் பிடித்து புக்கிட் பாஞ்சாங்கில் மாறினோம். ரயிலில் கூட்டம். கைப்பிடி எட்டாத சாக்கில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். லிட்டில் இந்தியாவில் இறங்கிய பிறகு எட்டாதது எதுவும் இல்லை. ஆனாலும் விடவில்லை.

பஃபலோ ரோட்டில் ஊர்ந்தோம். கேம்பல் லேனில் பூ வாங்கினேன். வைத்துக்கொண்டாள். கழுத்தைச் சாய்த்தாள்.

"சரியா இருக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன். வாரம் முழுக்கப் பேச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு திரிந்த அந்த ஆள் இன்னும் எனக்குள் இருந்தான். அவன் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தான்.

"தே குடிக்கலாமா?" என்றேன்.

"குடிக்கலாம். அதுக்கு முன்னாடி இங்க ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயிடலாங்க."

ஒரு மாடிப்படி. மேலே ஒரு சிறிய அரங்கு. கதவைத் திறந்ததும் கைதட்டல். நான் யாருக்கென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. ஆசிரியர்கள், பெற்றோர்கள், பிள்ளைகள். திரையில் முத்துத்தீவு. ஆசிரியர் குழுவின் தலைவி அன்னம்மா டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சுதா, இவர்தானா அவரு?"

"இவர்தான் டீச்சர்," என்றாள் சுதா. அரிய பறவை ஒன்றைக் கூண்டோடு கொண்டுவந்தவள்போலப் பெருமை.

பிறகு மைக்கைப் பிடித்தாள். "இந்த கேம் யாருக்கு வேணும்னாலும் புரியுமான்னு சோதிச்சுப் பாக்க, இதப்பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் தேவைப்பட்டாங்க. நான் ரொம்ப தூரம் தேடல."

அரங்கு சிரித்தது. திரையில் வரிசையாக என் சாதனைகள் வந்தன. சட்டமில்லாமல் சந்தையை இடித்தது. நீதிபதியைத் தூக்கும் பட்டனைத் தேடியது. மாதிரிச் சட்டத்தைப் படிக்காமல் நிறைவேற்றியது. ஒவ்வொன்றுக்கும் விளையாட்டில் ஒரு புது எச்சரிக்கை சேர்த்திருக்கிறார்களாம். எதிர்காலத் தலைமுறை இனி என்னைப்போல் ஆகாது.

"நீங்க என்ன கத்துக்கிட்டீங்க சார்?" என்று அன்னம்மா டீச்சர் என்னை மேடைக்கு அழைத்து மைக்கை நீட்டினார்.

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. ஆனால் வாரக்கணக்காக வாளி தூக்கியவனுக்குச் சொல்ல விஷயம் இருந்தது. "சட்டம் போட்டுட்டா மட்டும் எதுவும் நடந்துடாது," என்றேன். "நடத்துறவங்க மனசு வைக்கணும். அவங்க மனசு வைக்கிறவரைக்கும் போட்டவன் வாசல்ல காத்துக்கிட்டு நிக்கணும். கோர்ட்டுக்குப் போனா, நீ என்ன எழுதினன்னு திருப்பிக் கேப்பாங்க. அதனால எழுதும்போதே கடைசி வரிவரைக்கும் படிச்சுடுங்க."

இடி மாதிரி கைதட்டல். வாழ்க்கையில் முதல் முறையாக நான் பேசி முடித்ததும் யாரும் "சரி, அப்புறம்?" என்று கேட்கவில்லை.

"அருமை சார்! சமூக மன்றங்கள்ல பிள்ளைங்களுக்கு இத விளக்கிச் சொல்ல ஆள் தேடிட்டிருக்கோம். சனிக்கிழமை சாயங்காலம் மட்டுந்தான். நீங்க வருவீங்களா?"

கைதட்டல் இன்னும் காதுக்குள் இருந்தது. அதற்குள் முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்த சுதா எழுந்து வேண்டாம் என்பதுபோல் வேகமாகத் தலையை ஆட்டினாள். கணவனைப் புகழ்ந்ததில் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"கண்டிப்பா வரேன் டீச்சர்!" என்று கையைத் தூக்கினேன்.

தேநீர்க் கடையில் எங்கள் பழைய மூலை மேசையே கிடைத்தது. ஆவி பறக்கும் தே தாரிக்.

"என்னைச் சோதனை எலியாக்கிட்ட," என்றேன்.

"ஆமாங்க. கோவமா?"

"பூ வச்சுக்கிட்டு கேட்டா எப்படிக் கோவப்படுறது? சரி, ஏன் இத்தன வாரம் இழுத்தடிச்ச?"

அவள் தே தாரிக்கின் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேலை பாதியில கெடக்கும்போது வந்தா, ஆளு இங்கயும் மனசு அங்கயும் இருக்கும். நீங்க கேட்டது அந்த மாதிரி சனிக்கிழமை இல்லயே. இன்னிக்கோட என் பங்கு முடிஞ்சுது. இனிமே எல்லாச் சனிக்கிழமையும் நான் ஃப்ரீ. அத இந்த மேசைல உக்காந்து சொல்லணும்னு வச்சிருந்தேன்."

மேடையில் தூக்கிய கையை மெதுவாக மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டேன்.

"நானும்தாங்க அந்த பஸ்ஸ நெனச்சுக்கிட்டே இருந்தேன்," என்றாள்.

"அப்ப மேடையில என்னத் தடுத்திருக்கலாம்ல?"

"தலைய ஆட்டினேனே!"

"வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சட்டமன்றம் பேசும்போது நிர்வாகம் எப்படிங்க குறுக்க பேசும்?"

"நாளைக்கே போன் பண்ணி வரமுடியாதுன்னு சொல்லிடறேன்."

"அத்தன பிள்ளைங்க முன்னாடி கையத் தூக்கிட்டீங்க," என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் சிரிப்பு முழுதாக வரவில்லை.

அன்றைக்கு மாடி பஸ்ஸில் முன்வரிசை கிடைத்தது. தூக்கம் வராமலேயே என் தோளில் தூங்கினாள். நான் அசையவே இல்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனோம். தாண்டியது இருவருக்கும் தெரியும்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் நான் ஏதாவது ஒரு சமூக மன்றத்தில் நிற்கிறேன். போன வாரம் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கை தூக்கினாள். திவ்யதர்ஷினி என்று சட்டையில் ஒட்டியிருந்தது.

"சார், மூணு பேருல யாருக்கு சார் பவர் ஜாஸ்தி?"

"யாருக்கும் இல்லம்மா. நிர்வாகம் தனி, நீதித்துறை தனி. ரெண்டும் கூட்டுச் சேரவே கூடாது. அதாம்மா நமக்குப் பாதுகாப்பு."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். சுதா அனுப்பிய புகைப்படம். தேநீர்க் கடை. பழைய மூலை மேசை. கழுத்தைச் சாய்த்து, மல்லிகையோடு சுதா. எதிரில், என் நாற்காலியில், என் தே தாரிக்கோடு சாயிரா பானு அக்கா.

கீழே ஒரு வரி: "சட்டத்த வீணாக்க வேணாம்னு நாங்க ரெண்டு பேரும் வந்துட்டோம், வீட்டுக்குப் போனதும் நாலாவது பிரிவ மறந்துடாதீங்க."